பிய்த்துத் தின்கிற தக்காளி

குழியை எங்கே வெட்டுவது என்று ஆண்கள் கொல்லையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியும் கையுமாகக் கலந்தர் கொல்லையை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கிணற்றடியில் சிமெண்டு, துவைக்கிற கல்லைச் சுற்றிச் சிமெண்டு, கக்கூஸ் வரைக்கும் சிமெண்டு. மதிலோரம் மட்டும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண் விட்டிருந்தது. அந்த மண்ணில் மூன்று தக்காளிச் செடிகள் குச்சியோடு சேர்த்துக் கட்டப்பட்டு நின்றன.

“வேற எங்க வெட்டுறது? இந்த வீட்டுல மண்ணுன்னு இருக்கிறதே இதுதான்,” என்றார் கலந்தர்.

அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்திருந்த ரசியா பேகம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள்.

அவள் கணவர் லியாகத் அலி கூடத்தில் கட்டிலில் கிடந்தார். தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்களை ஒன்றாகக் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஊதுபத்தி எரிந்தது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். விடிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்வந்த மனிதர் அவர். வந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயை இரண்டு மடக்கு குடித்தார். மூன்றாவது மடக்குக்கு ஆள் இல்லை. டம்ளர் மட்டும் கீழே விழாமல் மடியில் இருந்தது.

ரசியா இன்னும் அழவில்லை. அழுகை வரும் என்று அவளும் காத்திருந்தாள். வந்த பெண்களும் காத்திருந்தார்கள். நேரம் ஆக ஆக அவர்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

மய்யித்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் சாக்கடையில் இறங்கித் தெருவுக்குப் போகக்கூடாது. யார் காலும் அதில் படக்கூடாது. அதனால் நீடாமங்கலத்தில் அந்தத் தெருவில் எந்த வீட்டில் மௌத்து என்றாலும் முதல் வேலையாகக் கொல்லையில் ஒரு குழி வெட்டிவிடுவார்கள். தண்ணீரெல்லாம் அதில் இறங்கியதும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். முன்பெல்லாம் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. கொல்லை என்றால் மண்தான். பிறகு வளைகுடாக் காசு வந்தது, கொல்லைக்கும் சிமெண்டு வந்தது. இந்த வீட்டுக்குத் தொண்ணூற்றாறில் வந்தது. மழைக்காலத்தில் சேறு மிதித்துச் சாக முடியவில்லை, சிமெண்டு போட்டே ஆகணும் என்று, சவூதியில் இருந்த புருசனிடம் போனில் ஒற்றைக்காலில் நின்றவள் ரசியாதான். சரி என்ற லியாகத், “மதிலோரம் மட்டும் கொஞ்சம் விட்டு வை,” என்றார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, “கெடக்கட்டும், மண்ணு வேணும்ல ஒரு வீட்டுக்கு,” என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“தம்பி.”

கலந்தர் லியாகத்துக்குத் தம்பி. சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். ஊரில் யார் வீட்டு மௌத்துக்கும் முன்னால் நின்று காரியம் பார்க்கிற ஆள். இன்றைக்குச் சொந்த அண்ணன் என்பதால் இன்னும் விறைப்பாக நின்றார். அழுதுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு.

“சொல்லுங்க அண்ணி.”

“கெணத்தடிப் பக்கம் சிமெண்ட ஒடச்சுட்டு வெட்டிக்கலாமே.”

“அதுக்குக் கடப்பாரை வேணும், ஆளு வேணும். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு ஜனாஸாவ எடுக்கணும் அண்ணி. இங்கன்னா நாலு வெட்டு, முடிஞ்சுது.”

“செடி இருக்கு.”

கலந்தர் செடிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று கொஞ்சம் பொறுத்தார்.

“செடி போனாப் போவுது. நீங்க உள்ள போயி உக்காருங்க,” என்றார் தணிந்த குரலில். பக்கத்தில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்தார்.

ரசியா உள்ளே போகவில்லை. அதற்கு மேல் பேசவும் வாய் வரவில்லை. புருசன் மய்யித்தாகக் கிடக்கும்போது தக்காளிக்குப் பரிந்து பேசினாள் என்று நாளைக்குத் தெரு முழுக்கச் சிரிக்கும். சிரிக்காமல் என்ன செய்யும்? அவளே இன்னொரு வீட்டில் இப்படி ஒருத்தியைப் பார்த்திருந்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்.

அது சாதாரணத் தக்காளியும் இல்லை. பார்க்க அழகாக இருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. பத்துப் பன்னிரண்டு குட்டித் தக்காளிகளைப் பிடித்து, முரட்டுத்தனமாக அழுத்தி, ஒரே காம்பில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஒன்று விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும், ஒன்று மொட்டையாக உருண்டிருக்கும், இரண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி முதல் தடவை பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏங்க்கா, என்னக்கா இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு!”

“எங்கிட்ட ஏன் கேக்குற? வெளைய வச்ச மகராசனக் கேளு.”

“பாய், இதுக்குப் பேரு என்ன பாய்?”

லியாகத்துக்குப் பெயர் தெரியாது. பிலிப்பைன்காரன் ஏதோ சொன்னான், வாயில் நுழையவில்லை என்றார். ஆனந்தவல்லியே ‘கூட்டுக் குடும்பம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மதிலுக்கு மேலே தலை தெரிந்தால், “கூட்டுக் குடும்பம் எப்படிப் பாய் இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

லியாகத் சவூதியில் தம்மாமில் இருபத்துச் சொச்சம் வருசம் இருந்தவர். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டு மாதம் இருப்பார். வந்த முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுகிற வேலை. நடுவில் மிஞ்சுகிறதுதான் குடும்பம். இரண்டாயிரத்தில் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பெட்டியில் சோப்பு, சென்ட், கம்பளி எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில், சட்டைப் பைக்குள், காகிதத்தில் ஒட்டிக் காயவைத்த விதைகளும் இருந்தன. அதை எடுத்தபோதுதான் மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மொட்டைமாடியில் எண்ணெய்த் தகரத்தில் பிலிப்பைன்காரன் ஒருவன் வளர்த்தான், ரூமில் எட்டுப் பேர், வேலை முடிந்து வந்ததும் பழத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு பல்லாகப் பிய்த்து உப்பில் தொட்டுத் தின்போம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

“கத்தி வேணாம், தட்டு வேணாம். ஒருத்தன் பிச்சுக்கிட்டா மிச்சத்துலேருந்து ஒரு சொட்டு ஒழுகாது பாத்துக்க. அப்படியே இருக்கும்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ரசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே அவள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாமியாருக்கு மலம் அள்ளி, மழைக்கும் வெயிலுக்கும் தனியாக நின்றாள். அங்கே இவர் மொட்டைமாடியில் உட்கார்ந்து எட்டுப் பேரோடு பழம் தின்றிருக்கிறார், சிரித்திருக்கிறார். கஷ்டப்பட்டார் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். கஷ்டத்தை அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

“உங்க ரூம்காரங்களோட தின்ன பழம் எனக்கு எதுக்கு?” என்றாள்.

அவர் விதையை மட்டும் போட்டார்.

முதல் வருசம் களிமண்ணில் வேர் அழுகிச் செடி செத்தது. ஆற்று மணல் கொண்டுவந்து கலந்தார். இரண்டாவது வருசம் இலை சுருண்டது. ஆனாலும் ஒரு பழம் தேறியது. அதில் ஒரு பல்லைப் பிய்த்து, தட்டில் வைத்து, அடுப்படி மேடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தின்னு என்று சொல்லவில்லை. ரசியா பார்த்தாள். பார்த்துக்கொண்டே மீன் கழுவினாள், சோறு வடித்தாள். சாயங்காலம் எறும்பு மொய்த்ததும் எடுத்துக் கொட்டினாள். அவர் வெறும் தட்டைப் பார்த்தார். தின்றுவிட்டாள் என்று நினைத்தாரா, கொட்டினாள் என்று தெரிந்துகொண்டாரா, அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இந்த வருசம் செடி பூக்கிற நேரத்தில் அவருக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கலந்தர் கூடப் போனார். முட்டிவலிக்காரி என்று ரசியாவை வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வராத இரண்டாவது வருசம் அது. கிணறு கீழே போயிருந்தது. மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. ஒரு வாளி இறைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். அந்தத் தண்ணீரில்தான் அவள் தினமும் செடிக்கு ஊற்றினாள். ஏன் ஊற்றினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் யாரும் இல்லை, செடி வாடித் தொங்கியது, ஊற்றினாள். திரும்பி வந்த லியாகத் குச்சியை ஊன்றிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். பூ பிஞ்சாகியிருந்தது. “செடி நல்லாத்தான் இருக்கு,” என்று மதிலைப் பார்த்துச் சொன்னார்.

அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இன்று காலை டீயைக் கொடுத்தபோது அவர், “ஒரு பல்லு செவக்க ஆரம்பிச்சிருச்சு,” என்றார்.

“செவக்கட்டும்.”

“இந்தத் தடவையாவது...”

“பழுத்தா திங்கிறேன். மொதல்ல டீயக் குடிங்க, ஆறுது.”

திங்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று வருசமாகச் சொல்லாத வார்த்தையை, ஏதோ டீ ஆறுகிறதே என்கிற அவசரத்தில், சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். அதுதான் கடைசி. இப்போது அந்தப் பழம் இருக்கிற செடியைத்தான் கலந்தர் வெட்டப் போகிறார். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை அவர் போன பிறகு எப்படி மாற்றிக்கொள்வது என்று ரசியாவுக்குத் தெரியவில்லை.

கூடத்தில் போன் அடித்தது. நாத்தனார் மர்யம் எடுத்து, “ஜாஃபரு பேசுறான்,” என்று வயரை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மகன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் இருந்தான். அவனும் ஒரு ரூமில்தான் இருந்தான். அங்கேயும் எட்டுப் பேர்.

“அம்மா.”

“ம்.”

“நான் வர முடியாதும்மா. பாஸ்போர்ட்டு கம்பெனியில இருக்கு. கேட்டு வாங்கி டிக்கெட் போட்டு... அத்தாவ அதுவரைக்கும் வச்சிருக்க முடியாதுல்ல?”

“முடியாதுப்பா. லுஹருக்கு எடுக்கிறாங்க.”

அவன் அழுவது கேட்டது. யாரோ பின்னால் அவனுக்கு ஏதோ சொன்னார்கள். மலையாளம் மாதிரி இருந்தது.

“கடைசியா என்னம்மா பண்ணிட்டு இருந்தாங்க?”

“செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து உக்காந்தாங்க.”

“அந்தத் தக்காளியா?” மூக்கை உறிஞ்சினான். “போன வெள்ளிக்கிழம பேசுனப்பகூட அதுதான் பேச்சு. ‘நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்கம்மாதான்டா தண்ணி எறச்சு ஊத்துனா, அந்த முட்டிய வச்சுக்கிட்டு, எங்கிட்ட சொல்லவே மாட்டேங்குறா, நானும் கேக்கல’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்கம்மா.”

ரசியா ஜன்னல் வழியே செடியைப் பார்த்தாள்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

போனை மர்யத்தின் கையில் கொடுத்தாள். கொல்லையில் மண்வெட்டி முதல் வெட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஓரத்துச் செடி ஒன்றை யாரோ பிடுங்கிச் சிமெண்டில் போட்டார்கள். ரசியா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்காமல், படியில் போய் நின்றாள்.

“அந்தக் காய் இருக்கிற செடியத் தொடாதீங்க!”

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூடத்தில் யாசீன் ஓதுவது ஒரு நொடி நின்று, பிறகு ஒரே ஒரு குரல் மட்டும் தொடர்ந்தது. மர்யம் ஓடி வந்து பின்னாலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“ரசியா! ஆம்பளைங்க நிக்கிற எடத்துல என்ன இது? உனக்கு இத்தா ஆரம்பிச்சிருச்சும்மா, வெளி ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது, உள்ள வா.”

“தொடாதீங்கன்னு சொன்னேன் தம்பி.”

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து காத்திருந்த பெண்களுக்கு நெஞ்சு லேசானது. வந்து பிடித்துக்கொண்டார்கள். பாவம், இப்பத்தான் உறைக்குது என்றாள் ஒருத்தி.

கலந்தர் குனிந்த தலை நிமிராமல் நின்றார். பிறகு நடுவில் இருந்த செடியையும் பிடுங்கினார். மதிலை ஒட்டி மூலையில் நின்ற காய்ச்செடியை விட்டார். அதற்கு முன்னால், சிமெண்டுக்கும் செடிக்கும் இடையில் இருந்த இடத்தை மிச்சம் விடாமல் வெட்டினார். வெட்டும்போது அந்தச் செடியின் வேர் ஒரு பக்கம் வெள்ளையாக வெளியே தெரிந்தது. “இதுக்கு மேல தள்ள முடியாது,” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

குளிப்பாட்டத் தண்ணீர் பத்தவில்லை. ஆனந்தவல்லியின் வீட்டில் போர் போட்டிருந்தார்கள். மதிலுக்கு மேலே குடம் குடமாக எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கம் ஆண்கள் வாங்கி வாங்கி அண்டாவில் ஊற்றினார்கள். போர்வைகளைக் கட்டி நாலு பக்கமும் மறைத்தாகிவிட்டது. அவளுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. “பாய்க்குப் போதுமா, இன்னும் வேணுமா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று அவள் கூட்டுக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இலந்தை இலை போட்ட தண்ணீர், சோப்புத் தண்ணீர், கடைசியில் கற்பூரத் தண்ணீர். போர்வைக்குக் கீழே விட்டிருந்த இடைவெளியில் ரசியாவுக்கு ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. பலகையிலிருந்து வழிந்து சிமெண்டின் சரிவில் இறங்கிக் குழியில் விழுந்தது. களிமண் உடனே குடிக்கவில்லை. குழி நிறைந்து, தளும்பி, செடியின் வேரடியில் சுற்றிக்கொண்டு நின்றது. சோப்பு நுரை தண்டில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. கலந்தர் மண்ணைத் தள்ளி மூடி, மண்வெட்டியின் முதுகால் தட்டினார்.

மகள் ஷமீராவுக்காக ஜனாஸா காத்திருந்தது. மயிலாடுதுறையிலிருந்து காரில் வந்தவள் ஊருக்குள் வந்தும் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாள். கூட்ஸ் வண்டிக்கு எஞ்சினைத் திருப்பிப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், கேட்டு திறக்கவில்லை என்று மாப்பிள்ளை ஃபாஜில் செல்போனில் சொன்னான். பள்ளிவாசலிலிருந்து ஒரு தடவை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். “நீடாமங்கலத்துக்காரன் மௌத்துக்கும் கேட்டு தொறந்தாத்தான் உண்டு,” என்றார் கலந்தர். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஷமீரா கடைசியில் காரை விட்டுவிட்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தாள். கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். கற்பூர வாசனை வந்தது. ரசியாவும் பார்த்தாள். சிரித்தாராமே, ரொம்ப நேரம். அந்த முகத்தில் அதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. பிறகு மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து சோறும் தால்சாவும் வந்தன. ஆனந்தவல்லி பிளாஸ்கில் டீ கொடுத்தனுப்பினாள். கை கழுவக் கொல்லைக்குப் போன ஷமீரா திரும்பி வந்து முகத்தைச் சுளித்தாள்.

“சித்தப்பா, அந்தச் செடிய ஏன் விட்டு வச்சிருக்கீங்க? குளிப்பாட்டுன தண்ணியெல்லாம் அதுக்குத்தான் போயிருக்கு.”

“உங்கம்மாதான் வேணும்னாங்க.”

“அம்மா, அதுல காய் வேற தொங்குது. தெரியாம யாராச்சும் பறிச்சுக் கொழம்புல போட்டுட்டா? நெனச்சாலே உடம்பு கூசுது.”

“பிடுங்கிரு கலந்தர்,” என்றாள் மர்யம். “மூணாம் நாள் பாத்திஹா ஓத ஊரே வரும். மய்யித்துத் தண்ணி குடிச்ச செடிய வச்சுக்கிட்டு இருக்கிறது நல்லால்ல.”

“சரி. இன்னக்கி இடுப்பு ஒடியுது. காலையில வந்து பிடுங்கிடுறேன்,” என்றார் கலந்தர்.

ரசியாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு தடவை கத்தியாகிவிட்டது. ஒரு மௌத்தில் ஒரு தடவைதான் கத்தலாம், இரண்டாவது தடவை கத்தினால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அவள் டீயைக் குடித்தாள்.

அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டாள். ஷமீரா எட்டிப் பார்த்தாள்.

“எதுக்கும்மா உப்பு?”

“வாய் சப்புன்னு இருக்கு.”

ஷமீரா அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

கொல்லையில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ரசியா சிமெண்டின் விளிம்பு வரைக்கும் போய் நின்றாள். கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. செடி மூலையில் இருந்தது. நடுவில் அந்த மூடிய குழி.

யார் காலும் படக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிச் சிமெண்டிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலை அந்த ஈர மண்ணில் வைத்தாள். கால் புதைந்தது. குளிர்ச்சியாக இருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பழம் என்று சொல்ல முடியாது. பாதி பச்சை, பாதி மஞ்சள். ஒரே ஒரு பல்தான் சிவந்திருந்தது, அதுவும் நுனியில். பழுத்தா திங்கிறேன் என்றுதான் சொன்னாள். ஆனால் காலையில் கலந்தர் வந்துவிடுவார். அந்தப் பல்லைப் பிடித்துத் திருகினாள். அவர் சொன்ன மாதிரியே, கத்தி இல்லாமல், தனியாக வந்தது. பிய்த்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

உப்பில் தொட்டு வாயில் போட்டாள். புளித்தது. பல் கூசுகிற புளிப்பு, தோல் வேறு தடித்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து தின்றாலும் ஒன்றும் பிரமாதமாக இருந்திருக்காது. “இதுக்கா?” என்றாள் வாய்விட்டு. மென்று முழுங்கினாள். பக்கத்துப் பல்லையும் பிய்த்து, மிச்ச உப்பையும் அதில் ஒற்றித் தின்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே கலந்தர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். ரசியா அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகப் பாத்தியை நோக்கிப் போனார்.

சிமெண்டு விளிம்பில் நின்றுவிட்டார். செடியில் காய் தொங்கியது. அதில் இரண்டு பல் இல்லை. மூடிய குழியின் மேல் ஒரு கால்தடம் இருந்தது. ஐந்து விரலும் அழுந்தி, ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ந்திருந்தது. பெண் கால்.

கலந்தர் அதையே பார்த்தபடி நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கூடத்திலிருந்து ஷமீரா, “பிடுங்கிட்டீங்களா சித்தப்பா?” என்று கேட்டாள்.

“எப்படிம்மா பிடுங்குறது? குழி மேல காலு வச்சாத்தான் எட்டும்,” என்றார் கலந்தர் உரக்க. “அந்த எடத்துல யாரும் காலு வைக்கக் கூடாதுல்ல.”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். சிமெண்டிலேயே காலை வைத்து, மதிலோரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.